இந்த கேஸை ஆட்டோவில் அடிக்க முடியுமா, அண்ணே?

கேட்காத ஆட்டோக்காரர் இல்லை. மண்டபம் ஊரிலிருந்து ராமேஸ்வரம் வரைக்கும் எந்த மெஸ்ஸுக்குப் பின்னால் நான் பயோகேஸ் கலனைக் கழுவிக்கொண்டிருந்தாலும், சாப்பிட வந்தவர்களில் யாராவது ஒருவர் ஈரக் கையை லுங்கியில் துடைத்தபடி வந்து எட்டிப் பார்ப்பார். "இதுல நெசமாவே கேஸ் வருதா?" வரும். "அடுப்பு எரியுதா?" எரியும். "அப்ப என் ஆட்டோவுல அடிக்க முடியுமாண்ணே?"

முடியும், ஆனால் இந்தத் தொட்டியிலிருந்து முடியாது என்பேன். ஏன் என்று சொல்லி முடிப்பதற்குள் அவருக்குச் சவாரி வந்துவிடும். அதனால் இங்கே எழுதி வைக்கிறேன். இனி கேட்பவர்களுக்கு வாட்சப்பில் இதை அனுப்பிவிடலாம்.

எனக்கு ஊர் உச்சிப்புளி. அடிப்படையில் பிளம்பர். பைப் வேலையோடு சாண எரிவாயுக் கலன் பொருத்துவது, அடைப்பு எடுப்பது, டிரம் மாற்றுவது என்று வருஷக்கணக்காக ஓடிக்கொண்டிருக்கிறது. பேர்தான் சாண எரிவாயு. ஆரம்பத்தில் ஊற்றும் சாணக் கரைசலைத் தவிர இப்போது யாரும் சாணம் போடுவதில்லை. சோறு, காய்கறித் தோல், சாம்பார் அடிவண்டல், ஊசிப்போன சட்னி, இதெல்லாம்தான் தீனி. கீழே ஒரு தொட்டி, அதற்குள் கவிழ்த்த ஒரு டிரம். கேஸ் சேரச் சேர டிரம் மேலே எழும், அடுப்பைப் பற்றவைத்தால் இறங்கும். அவ்வளவுதான் இயந்திரம். இரும்பு டிரம் எங்கள் பக்கம் தாக்குப்பிடிக்காது. உப்புக் காற்று தின்றுவிடும். பிளாஸ்டிக் அல்லது ஃபைபர்தான்.

உள்ளே வேலை செய்யும் நுண்ணுயிரிகளுக்குக் காற்று ஆகாது, வெயில் ஆகும். 35 முதல் 37 டிகிரி வரைக்கும் சூடு இருந்தால் சுறுசுறுப்பாக இருக்கும். குளிர்நாடுகளில் தொட்டியைச் சூடேற்றுவதற்கே உண்டான கேஸில் ஒரு பங்கு போய்விடுகிறது. ராமநாதபுரம் வெயிலைத் திட்டாத நாள் இல்லை, இந்த ஒரு காரியத்தில் மட்டும் அது நமக்கு இலவச எரிபொருள்.

சரி, கணக்குக்கு வருவோம். ஒரு டன் உணவுக் கழிவிலிருந்து சுமாராக 100 கன மீட்டர் கேஸ் எதிர்பார்க்கலாம். ஒரு நடுத்தர மெஸ்ஸில் நாளைக்கு 20 கிலோ மிச்சம் விழுகிறது என்று வையுங்கள். 2 கன மீட்டர் கேஸ். அடுப்புக் கணக்கில் அது கிட்டத்தட்ட 900 கிராம் சிலிண்டர் கேஸுக்குச் சமம். அதாவது பதினைந்து பதினாறு நாளுக்கு ஒரு வீட்டு சிலிண்டர் மிச்சம். மெஸ்காரருக்கு இது லாபம், எனக்கும் வேலை.

இதே 2 கன மீட்டரை ஆட்டோவுக்குக் கொண்டுபோனால் கதை வேறு. தொட்டியிலிருந்து வருவதில் எரியும் பாகமான மீத்தேன் 55, 60 சதவீதம்தான். மீதி பெரும்பாலும் கரியமில வாயு, கொஞ்சம் ஈரம், அழுகிய முட்டை வாடை அடிக்கும் ஹைட்ரஜன் சல்பைடு. வண்டியில் அடிக்க வேண்டுமானால் மீத்தேன் குறைந்தது 90 சதவீதம் இருக்க வேண்டும் என்று இந்தியத் தர நிர்ணயம் 16087 சொல்கிறது. சுத்தம் செய்து முடித்தால் கையில் நிற்பது முக்கால் கிலோவுக்குச் சற்று மேல். ஒரு கிலோவுக்கு 30 கிலோமீட்டர் ஓடும் ஆட்டோவில், ராமேஸ்வரத்திலிருந்து பாம்பன் போய்த் திரும்பலாம். திரும்பியதும் டேங்க் காலி. ஒரு நாள் முழுக்க ஒரு மெஸ் சாப்பிட்ட சாப்பாட்டின் மிச்சம், ஒரு பாம்பன் சவாரி.

"சவாரி சவாரிதானேண்ணே" என்றான் தங்கச்சிமடத்துத் தம்பி ஒருவன். நியாயம்தான். ஆனால் அந்த ஒரு சவாரிக்காகக் கேஸைக் கழுவும் ஏற்பாடும், அழுத்தி அடைக்கும் கம்ப்ரசரும், அதற்கான அனுமதியும் ஒரு மெஸ் வாங்கி வைக்க முடியாது.

இந்த அழுத்தி அடைக்கும் விஷயத்தில்தான் பலருக்கும் குழப்பம். "வீட்டு சிலிண்டர்ல அடைச்சுக் குடுங்க" என்று கேட்பார்கள். சமையல் சிலிண்டருக்குள் இருக்கும் எல்பிஜி லேசான அழுத்தத்திலேயே திரவமாகிவிடும். குலுக்கினால் தளும்புவது தெரியும். அதனால் சின்ன சிலிண்டரில் நிறைய நிற்கும். மீத்தேன் அப்படி மசியாது. மைனஸ் 82 டிகிரிக்கும் கீழே குளிர்வித்தால் ஒழிய எவ்வளவு அமுக்கினாலும் திரவமாகாது. வாயுவாகவே 200 பார் அழுத்தத்தில் திணிக்க வேண்டும். நம் டயரில் அடிக்கிற காற்று 2 பார் சொச்சம். நூறு மடங்கு. அதற்கென்று செய்த கனத்த சிலிண்டர் வேண்டும், நாக்பூரில் தலைமையகம் உள்ள வெடிபொருள் பாதுகாப்புத் துறையின் உரிமம் வேண்டும். யூடியூபில் லாரி டியூபில் பயோகேஸ் பிடித்து பைக் ஓட்டுகிறவர்களைப் பார்த்துவிட்டு எனக்கு வீடியோ அனுப்பாதீர்கள். அழுத்தமே இல்லாத பையில் நிற்கும் கேஸ், தெருமுனை தாண்டாது. பழைய சமையல் சிலிண்டரில் கம்ப்ரசர் வைத்து அடைத்துப் பார்க்கலாமா என்று கேட்ட ஒருவருக்கு நான் வேலையே செய்து கொடுக்கவில்லை.

கழுவுவது எப்படி என்றும் கேட்கிறார்கள். இதில் எனக்குப் பிடித்தது அந்த முட்டை வாடையை எடுக்கும் வேலை. சல்பைடு இருந்தால் பர்னரும் அரித்துப்போகும், இன்ஜினும் அரித்துப்போகும். லேத் பட்டறையில் இரும்புச் சீவல் சும்மா கிடைக்கும். சுருள் சுருளாக, எண்ணெய்ப் பிசுக்கோடு. சோப்புப் போட்டு அலசி, மொட்டை மாடியில் விரித்துவிடுவேன். பளபளவென்று இருக்கும் இரும்பு இதற்கு உதவாது, துருதான் சல்பைடைப் பிடிக்கும். மற்ற ஊர்களில் துருப்பிடிக்கத் தண்ணீர் தெளித்துக் காத்திருப்பார்களாம். எங்கள் ஊரில் கடல் காற்று அந்த வேலையைச் சீக்கிரமே முடித்துக் கொடுத்துவிடும். அந்தச் செம்மண் நிறச் சீவலை நாலு அங்குல பிவிசி குழாயில் தளர்வாக அடைத்து, கேஸ் அதன் வழியாகப் போகும்படி இணைத்துவிட்டால் வாடை நின்றுவிடும். சில வாரத்தில் சீவல் அட்டைக் கரியாகக் கறுத்துவிடும். வெளியே எடுத்துப் போட்டால் காற்றுப் பட்டு மறுபடி சிவக்கும், மறுபடி பயன்படுத்தலாம். ஒரே எச்சரிக்கை: கறுத்த சீவல் காற்றுப் படும்போது சூடாகும். கை வைத்தால் சுடும். குவியலாகப் போட்டால் பக்கத்தில் இருக்கும் சருகு பற்றிக்கொள்ளவும் கூடும். ஈரப்படுத்தி, வெறும் மண்ணில் பரப்பித்தான் போட வேண்டும்.

கரியமில வாயுவை எடுப்பது பெரிய வேலை. தண்ணீரை அழுத்தத்தில் கேஸோடு கலக்கவிட்டால் கரியமில வாயு தண்ணீரில் கரைந்துவிடும், மீத்தேன் அவ்வளவாகக் கரையாது. சோடா தயாரிக்கும் சங்கதிதான். ஆனால் காவிரிக் கூட்டுக் குடிநீர் லாரிக்குக் குடத்தோடு வரிசையில் நிற்கும் ஊரில் போய் "கேஸைத் தண்ணீரில் கழுவலாம்" என்று சொன்னால் அடிக்க வருவார்கள். தண்ணீரைச் சுழற்றித் திரும்பத் திரும்பப் பயன்படுத்தலாம் என்றாலும், எங்கள் பக்கத்துக்குத் தண்ணீரில்லாத முறைகள்தான் சரிப்படும். வாயுவைப் பிடித்துவைக்கும் மணிகள் நிரப்பிய கோபுரத்தில் அழுத்தத்தை ஏற்றி இறக்கிப் பிரிப்பது, அல்லது சவ்வு வழியாகப் பிரிப்பது. இரண்டுக்கும் முதலீடு வேண்டும். ஒரு தெருவால் ஆகாது, ஊர் சேர்ந்தால்தான் ஆகும்.

ஊர் சேர்ந்தால் என்ன கிடைக்கும் என்று பார்ப்பதற்கு முன்னால் மீனைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். ராமேஸ்வரம் என்றதும் எல்லோரும் மீன் கழிவைத்தான் சொல்கிறார்கள். "தலையும் குடலும் மலை மாதிரி கிடக்குதே, அதைப் போட்டா கேஸ் கொட்டுமே" என்று. கொட்டும், கொஞ்ச நாள். ஒரு மீன் வெட்டும் கடைக்காரர் தன் கலனில் சோற்றை நிறுத்திவிட்டு மீன் குடலாகவே போட்டார். முதலில் டிரம் நன்றாக எழும்பியது. அவர் ஊரெல்லாம் சொன்னார். அப்புறம் தொட்டிப் பக்கம் போனாலே கண் எரிந்தது, அம்மோனியா. டிரம் இறங்கிப்போய் உட்கார்ந்துவிட்டது. மீனில் தழைச்சத்து (நைட்ரஜன்) அதிகம், கரிச்சத்து (கார்பன்) குறைவு. நுண்ணுயிரிகளுக்கு ஒரு பங்கு தழைச்சத்துக்கு 20 முதல் 30 பங்கு வரை கரிச்சத்து வேண்டும். மீனை மட்டும் போடுவது, சோறே இல்லாமல் குழம்பும் கருவாடுமாகத் தின்னச் சொல்வது போல. நாலு வாய்க்கு மேல் இறங்காது. பாதித் தொட்டியை இறைத்து, சாணமும் சோற்று வடிநீரும் ஊற்றி, நாள் கணக்கில் ஒன்றும் போடாமல் விட்டுத்தான் அது மறுபடி உயிர் பிடித்தது. இப்போது பத்துப் பங்கு சோறு காய்கறிக்கு ஒரு பங்கு, மிஞ்சினால் இரண்டு பங்கு மீன் என்று போடுகிறார். நன்றாகவே எரிகிறது.

உப்பும் ஒரு தொல்லை. கருவாட்டுக்கு உப்புப் போட்ட தொட்டியின் தண்ணீரைக் கலனில் ஊற்றவே கூடாது. உப்பு ஏறினால் மீத்தேன் உண்டாக்கும் உயிரிகள் சுருண்டுவிடும். தொட்டியைத் தாண்டி, கேஸ் போக மிஞ்சி வெளியே வரும் கரைசலிலும் (ஸ்லரி) உப்பு நிற்கும். அதைத் தென்னந்தோப்புக்கும் முண்டு மிளகாய்க்கும் விட்டால் ஏற்கெனவே உவர் தட்டிய நிலம் என்னத்துக்கு ஆகும்?

இன்னொன்று. மீன் இறங்குதளத்தில் கிடப்பதெல்லாம் கழிவு என்று நினைப்பது கரைக்குப் புதியவர்களின் கணக்கு. சங்காயம் என்று ஒதுக்குகிற பொடி மீனுக்கும் விலை உண்டு. மீன் தூளுக்கும் கோழித் தீவனத்துக்கும் லாரியில் போகிறது. அதை இலவசமாக கேஸுக்குக் கொடு என்றால் படகு முதலாளியான சம்மாட்டி சிரிப்பார். கட்டக்கோரை மாதிரியான கடற்பாசியும் அப்படித்தான். அதைச் சேகரித்து விற்கும் பெண்கள் இருக்கிறார்கள், அவர்கள் கைக்காசு அது. யாரும் சீந்தாமல் கிடப்பது வெட்டுக் கடைகளின் தலை, குடல், செதில். நண்டு ஓடும் நிறைய கிடக்கும், ஆனால் அதில் பெரும் பங்கு சுண்ணாம்பு. தொட்டிக்கு அடியில் போய்ப் படியுமே தவிர கேஸ் தராது.

விசைப்படகுகளுக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம். மீன் வரத்து வற்றிவிடும். மீனை நம்பிக் கட்டிய ஆலை என்றால் இரண்டு மாதம் பட்டினி. ஆனால் அதே மாதங்களில்தான் பள்ளிக்கூட லீவு. கோயிலுக்கு வரும் கூட்டம், லாட்ஜ், சத்திரம், மெஸ், எங்கும் சோற்று மிச்சம் ஏறும். ஒன்று இறங்கும்போது மற்றொன்று ஏறுகிறது. தீவுக்கு வாய்த்த இந்தப் பொருத்தத்தைத் திட்டம் போடுகிறவர்கள் யாரும் கவனித்ததாகத் தெரியவில்லை. ஆடி அமாவாசை, தை அமாவாசைக்கு ஒரே நாளில் கூட்டம் குவியும்போது தொட்டிக்கு அஜீரணம் வராமல் பார்த்துக்கொள்ள வேண்டும்; அன்றைய குப்பையை அரைத்து, சேமிப்புத் தொட்டியில் வைத்து, அடுத்த நாட்களில் கொஞ்சம் கொஞ்சமாக ஊட்ட வேண்டும். பெரிய ஆலைகளில் அப்படித்தான் செய்கிறார்கள்.

சீமைக்கருவேலத்தைப் போடலாமா என்று கேட்பவர்களுக்கு ஒரே வரி: மரத்தை இந்த உயிரிகள் தின்னாது, கரி மூட்டம் போடுகிறவர்களிடமே அது இருக்கட்டும். வாழை இலையும் லேசுப்பட்டதல்ல. முழு இலையாக விழுந்தால் மேலே மிதந்து, ஏடு கட்டி, டிரம்மைச் சுற்றி இறுகிவிடும். நான் அடைப்பு எடுக்கும் நாட்களில் பாதிக்குமேல் வாழை இலைதான் காரணம். கல்யாண மண்டபம் என்றாலே எனக்கு முதலில் இலைதான் ஞாபகத்துக்கு வரும், பந்தி அப்புறம்தான்.

இனி ஊர்க் கணக்கு. இதைச் செய்து காட்டிய இடங்கள் இருக்கின்றன. சுவீடனில் லின்ஷாப்பிங் என்ற ஊரில் 2002-க்குள் நகரப் பேருந்துகள் எல்லாம் பயோகேஸுக்கு மாறிவிட்டன, 2005-ல் ஒரு ரயிலே ஓட்டினார்கள். பிரிட்டனில் பிரிஸ்டல் பக்கம் 2014-ல் ஒரு பேருந்து கழிவுநீரிலிருந்தும் உணவுக் கழிவிலிருந்தும் எடுத்த கேஸில் ஓடியது. நம் நாட்டில் இந்தூர். 2022 பிப்ரவரியில் திறந்த ஆலை, ஒரு நாளைக்கு 550 டன் ஈரக் குப்பையைத் தின்று சுமார் 17 டன் வாகன கேஸ் தரும்படி கட்டியது. நகரப் பேருந்துகளுக்கு அது போகிறது. தமிழ்நாட்டில் நாமக்கல் மாவட்டம் புதுச்சத்திரத்தில் கோழி எச்சத்தை வைத்து வாகன கேஸ் எடுக்கிறார்கள். அழுத்திய பயோகேஸை எண்ணெய் நிறுவனங்களே வாங்கிக்கொள்ளும் 'சதத்' திட்டம் 2018 அக்டோபரில் வந்தது. ஆக, முடியுமா முடியாதா என்ற கேள்வி முடிந்துபோன ஒன்று.

ராமேஸ்வரம் நகராட்சியில் 2011 கணக்கெடுப்பின்படி 45,000-க்குக் கொஞ்சம் குறைவான மக்கள். அதோடு வந்து போகும் கூட்டம். சுத்தமாகப் பிரித்த ஈரக் குப்பை தினம் 5 டன் கிடைக்கிறது என்று ஒரு பேச்சுக்கு வைப்போம். 500 கன மீட்டர் கேஸ். சுத்தம் செய்தால் 200 கிலோ வாகன கேஸ். ஒரு கிலோ இந்த கேஸ் ஏறத்தாழ 1.3 லிட்டர் டீசலின் வேலையைச் செய்யும். பேருந்து ஒரு கிலோவுக்கு நாலரை கிலோமீட்டர் போனால், ராமநாதபுரம் ராமேஸ்வரம் 55 கிலோமீட்டருக்கு 12 கிலோ. ஆக 16 நடை. குட்டியானை (சின்ன சரக்கு வண்டி) என்றால் கிலோவுக்கு 20 கிலோமீட்டர் வைத்தாலும் 4,000 கிலோமீட்டர். ஆலை தனக்கே தின்னும் கரண்டுச் செலவைக் கழித்தாலும் இது சின்னக் கணக்கு இல்லை. அதே சமயம், தீவில் ஓடும் எல்லா வண்டிக்கும் இது காணாது. காணும் என்று சொல்கிறவர் ஏதோ விற்க வந்திருக்கிறார்.

அப்படியானால் யாருக்குக் கொடுப்பது? என் எண்ணம் இதுதான்: குப்பை வண்டிக்கும் மீன் வண்டிக்கும் முதலில். வீடு வீடாகப் போகும் சின்ன வண்டிகள் பல ஊர்களில் பேட்டரிக்கு மாறிவிட்டன. அது நல்லது, சந்துக்குள் அதுதான் லாயக்கு, அதைத் தொட வேண்டாம். அங்கிருந்து கிடங்குக்குப் பாரம் இழுக்கும் டிப்பரும், தண்ணீர் லாரியும், ஐஸ் பெட்டியோடு மீன் ஏற்றிப் போகும் வண்டிகளும்தான் டீசல் குடிக்கின்றன. குப்பை வண்டி தினம் எப்படியும் ஆலை வாசலுக்கு வந்தாக வேண்டும். குப்பையைக் கொட்டிவிட்டு கேஸைப் பிடித்துக்கொண்டு போகலாம். கேஸைச் சிலிண்டர் அடுக்கில் ஏற்றி எங்கேயோ கொண்டுபோய் விற்கும் செலவு மிச்சம். ஆட்டோக்காரர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம், உங்களுக்கு ராமநாதபுரம் பக்கம் சிஎன்ஜி (அழுத்திய இயற்கை எரிவாயு) பங்க் இருக்கிறது.

பங்க் என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். நம் மாவட்டத்துக்கு இயற்கை எரிவாயு அந்நியமே இல்லை. நம் மண்ணுக்கடியிலிருந்து எடுத்த கேஸில் வழுதூரில் மின்சாரம் தயாரிக்கிறார்கள். ராமநாதபுரத்திலிருந்து தூத்துக்குடிக்கு 143 கிலோமீட்டர் குழாய் போட்டு 2021 பிப்ரவரியில் திறந்தும் வைத்தார்கள். பூமிக்கடியிலிருந்து வருவதும் மீத்தேன், மெஸ் தொட்டியிலிருந்து வருவதும் மீத்தேன். வண்டிக்கு வித்தியாசம் தெரியாது, இன்ஜினில் ஒரு திருகாணியும் மாற்ற வேண்டாம். சிஎன்ஜி வண்டி வைத்திருப்பவர் இன்றே இதற்குத் தயார். தடை படுவது வேறு இடத்தில்.

அது குப்பை வாளியில் தடைபடுகிறது. கீழக்கரையில் ஒரு கல்யாண மண்டபத்துக்குக் கலன் போடலாமா என்று பார்க்கப் போயிருந்தேன். மண்டபத்துக் காக்கா (அந்தப் பக்கம் அண்ணனை அப்படித்தான் கூப்பிடுவார்கள்) தங்கமானவர், பிரியாணி போட்டுத்தான் பேச்சையே ஆரம்பித்தார். பின்கட்டில் மிச்சம் கொட்டும் டிரம்மைத் திறந்து காட்டினார். மேலே பிரியாணிச் சோறு. கையுறை போட்டுக்கொண்டு கிளறினேன். ஐஸ்கிரீம் கப், மரக் கரண்டி, தண்ணீர் பாட்டில் மூடி, டிஷ்யூ, சாக்கு நூல், ஆட்டு எலும்பு, பிழிந்த எலுமிச்சை, அடியில் யாரோ தவறவிட்ட ஒரு குழந்தையின் வெள்ளிக் கொலுசு. கொலுசு கிடைத்ததில் காக்காவுக்குச் சந்தோஷம். "இதெல்லாம் மிஷின்ல போட்டுப் பிரிக்க முடியாதா தம்பி?" என்றார். முடியும் காக்கா, மிஷினும் நாலு நாளில் பழுதாகும் என்றேன். இலை எடுக்கும் பையன்களிடம் இரண்டு டிரம் கொடுத்து, ஒன்றில் சோறு கறி மட்டும், இன்னொன்றில் மற்றதெல்லாம் என்று சொல்லச் சொன்னேன். இலையைத் தனியாக அடுக்கி ஆட்டுக்காரரிடம் கொடுத்துவிடலாம், ஆடு அதை என் கலனைவிட நன்றாகச் செரிக்கும்.

இந்தூர் ஆலையைப் பற்றிப் பேசுகிறவர்கள் ஆலையை மட்டும் பேசுகிறார்கள். அந்த ஊர் 2017-லிருந்தே தூய்மைப் போட்டியில் முதலிடம் வாங்கிக்கொண்டிருந்தது. வாசலிலேயே பிரித்து வாங்கும் பழக்கம் முதலில் வந்தது, 550 டன் ஆலை பிறகு வந்தது. நம்மிடமும் சட்டம் இல்லாமல் இல்லை. 2016 திடக்கழிவு மேலாண்மை விதிகளிலேயே பிரித்துக் கொடுக்கச் சொல்லியிருந்தார்கள். கீழக்கரைப் பக்கமே குப்பை வண்டியோடு போகும் ஒரு அக்காவிடம் இந்த கேஸ் விஷயத்தைச் சொன்னேன். முழுவதும் கேட்டுவிட்டு, "குப்பைக்குள்ள கைய விட்டுப் பிரிக்கிறது நாங்க. பிளேடு கிழிச்சா எங்க கை. கேஸ் அடிச்சுட்டுப் போறது யாரு?" என்றார். எனக்குப் பதில் வரவில்லை. திட்டத் தாள்களில் கேஸ் விற்ற காசு, உரம் விற்ற காசு என்று கட்டம் போட்டிருப்பார்கள். அந்த அக்காவுக்கு என்று ஒரு கட்டம் போடாமல் இது நடந்தால் இரண்டாம் மாதமே பிளாஸ்டிக் கப்போடு தொட்டிக்குள் வந்து விழும். ஏன் பிரிக்க வேண்டும் அவர்?

ஆலை எங்கே வைப்பது என்பதிலும் தகராறு வரும். நாற்றம் என்பார்கள். ஒழுங்காக மூடிய கலனில் நாற்றம் வெளியே வராது. கொட்டி வைத்துக் காத்திருக்கும் இடத்தில்தான் நாறும். அதனால் வந்த அன்றே அரைத்து உள்ளே அனுப்ப வேண்டும். கசிவு என்பார்கள், அது உண்மையான கவலை. மீத்தேன் கசிந்தால் நூறு வருஷக் கணக்கில் கரியமில வாயுவைவிட 28 மடங்கு போலப் பூமியைச் சூடாக்கும். பழைய குழாய் மூட்டுகளில் சோப்பு நுரை தடவிப் பார்க்கும் என் போன்ற ஆட்களுக்கு அங்கே நிரந்தர வேலை இருக்க வேண்டும். ஆனால் இப்போது கிடங்கில் குவிந்து கிடக்கும் குப்பையும் அதே மீத்தேனைத்தான் கேட்பாரற்று விட்டுக்கொண்டிருக்கிறது, நடுநடுவே தீயும் பிடிக்கிறது. அந்தப் புகையைச் சுவாசித்துக்கொண்டே கலனைக் கண்டு பயப்படுவதில் அர்த்தமில்லை.

இப்போதைக்கு நான் செய்துகொண்டிருப்பது இதுதான். நான் பராமரிக்கும் மெஸ்களிலும், கீழக்கரை மண்டபத்திலும், ராமேஸ்வரத்தில் இரண்டு மீன் வெட்டும் கடைகளிலும் ஒரு தராசு வைத்து, தினம் எவ்வளவு சோறு, எவ்வளவு காய்கறி, எவ்வளவு குடல் என்று எழுதச் சொல்லியிருக்கிறேன். மேலே சொன்ன 5 டன் என் ஊகம். தடைக்காலத்தில் ஒரு தடவை, சீசன் மீனில் ஒரு தடவை எடை கிடைத்தால் அது ஊகமாக இருக்காது. தங்கச்சிமடம், பாம்பன் பக்கம் ஓட்டல், லாட்ஜ், சத்திரம் நடத்துகிறவர்கள் யாராவது இதைப் படித்தால் நீங்களும் எழுதி அனுப்புங்கள். தேதி, கிலோ, இரண்டும் போதும். இலையை மட்டும் சேர்த்து எடை போடாதீர்கள்.